கடைசித் துகள் இறங்கும் வரை

ஏப்ரல் 4

ஒரு மாணவன் விட்டுப்போன ரெக்கார்டு நோட்டு இது. முதல் ஆறு பக்கம்தான் எழுதியிருந்தான். அதைக் கிழித்துவிட்டு மீதியை எனக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வெள்ளை. கோடு போட்ட பக்கத்தில் மட்டும் எழுதுவதாக உத்தேசம்.

எழுதுகிறவன் ஞானதுரை. பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருடச் சேவை. சம்பளம் அரசாங்கம் தருவதல்ல, நிர்வாகம் தருவது. அதைச் சம்பளம் என்று சொல்ல என் மனைவி ரூபா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

இன்று முதலாமாண்டுக்குச் செய்முறைத் தேர்வு. ஈய உப்பு. நாற்பத்திரண்டு டெஸ்ட் டியூப். கழுவி முடிக்க மணி ஆறரை. மகள் ஹெப்சி, சாப்பாட்டுத் தூக்கை வாங்கிப்போக வந்தவள், வெளியே காத்திருந்திருக்கிறாள். "நாப்பது டியூப் கழுவ இம்புட்டு நேரமா?" என்று வீட்டில் ரூபா கேட்டாள். கறை போகவில்லை என்றேன்.

மே 6

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டது. ஹெப்சிபாவுக்கு அறுநூற்றுக்கு ஐநூற்று எழுபத்தொன்று. வேதியியலில் நூறு!

அந்த நூறை நான் மூன்று தடவை பார்த்தேன். செல்போனை அணைத்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தேன். அப்போதும் நூறுதான் இருந்தது. என் வீட்டில், நான் வாங்கிக்கொடுத்த ஆறு ரூபாய்ப் பேனாவில் எழுதி, இப்படி ஒன்று நடந்திருக்கிறது. ஆண்டவரே!

பிள்ளை பி.எஸ்.சி. வேதியியல்தான் படிப்பேன் என்கிறது. டாக்டருக்குப் படிக்க வைக்கவில்லையா என்று சபையில் பத்துப் பேர் கேட்பார்கள். கேட்கட்டும்.

மே 9

மூன்று கல்லூரிகள். மூன்றும் கிறிஸ்தவக் கல்லூரிகள்தான். மூன்றிலும் வாசலில் ஒரு வசனம் எழுதியிருக்கும்.

ஒன்று, எங்கள் கல்லூரி. ஊழியர் பிள்ளைக்குக் கட்டணமே கிடையாது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம்.

இரண்டு, பைபாஸ் ஓரத்தில் புதிதாகக் கட்டியது. ஒரு சுவிசேஷ ஊழியக்காரர் நடத்துவது. வருடம் ஒரு லட்சத்து இருபதாயிரம். ஏசி பஸ் உண்டு.

மூன்று, மதுரையில் சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் கல்லூரி. கட்டணமும் விடுதியும் சேர்த்து எழுபத்தெட்டாயிரம். நாங்கள் சி.எஸ்.ஐ., அவர்கள் ஆர்.சி. "பூசைக்கு வரச் சொல்லுவாங்களோ?" என்று ரூபா இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

"சும்மா கிடைக்கிற இடத்த விட்டுட்டு மதுரைக்கு எதுக்கு? உங்க காலேஜுக்கு என்ன குறச்சல்?" என்று கேட்டாள். பிள்ளை வெளியூரில் தங்கிப் படித்தால்தான் தைரியம் வரும் என்றேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

எதையும் நேரில் பார்த்து முடிவு செய்வதுதான் என் வழக்கம். கல்லூரியை எடைபோட ஊரார் கட்டடத்தைப் பார்ப்பார்கள், வேலை கிடைத்தவர்கள் படம் போட்ட போர்டைப் பார்ப்பார்கள். நான் ஆய்வகத்தின் சிங்க்கைப் பார்ப்பேன். சிங்க் பொய் சொல்லாது.

மே 11

பைபாஸ் கல்லூரிக்கு ஹெப்சியும் நானும் போனோம். நுழைந்ததும் குளிர்ந்த மோர் கொடுத்தார்கள். டை கட்டிய ஒரு தம்பி எங்களைச் சுற்றிக் காட்டினான். மாடித் தோட்டம், உடற்பயிற்சிக் கூடம், ஆயிரம் பேர் உட்காரும் ஜெபக்கூடம். ஆய்வகம் எங்கே என்றேன். அதற்குச் சாவி தேடவே கால் மணி நேரம் ஆயிற்று.

பளபளவென்று பன்னிரண்டு சிங்க்குகள். ஒன்றில்கூடக் கறை இல்லை. ஒன்றின் அடியில் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மேலே நாலாயிரத்து முந்நூறு என்று விலை போட்டிருந்தது. அந்தக் கல்லூரி தொடங்கி நாலு வருடம் ஆகிறது.

"எப்படி சார் இருக்கு?" என்று அந்தத் தம்பி பெருமையாகக் கேட்டான். ரொம்பச் சுத்தம் தம்பி என்றேன். ஹெப்சி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். பஸ்ஸில் வரும்போது இருவரும் நினைத்து நினைத்துச் சிரித்தோம்.

மே 13

எங்கள் கல்லூரியில் மறுதேர்வு. ஹெப்சி சாப்பாடு கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்து, எங்கள் துறைக்குப் புதிதாக வந்த சார், "ஏய் துரை, இத யாரு இங்க வச்சா? எடுத்துத் தொல" என்று ஒரு பீக்கரைத் தள்ளினார். சாருக்கு வயது இருபத்தொன்பது. தேர்வு நேரம், அவருக்கும் ஆயிரம் டென்ஷன் இருக்கும்.

அவள் வாசலில் நின்றாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தூக்கை வைத்துவிட்டு, "முட்டக் குழம்புப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மதுரைதான் சரி. விடுதிக் கட்டுப்பாடு பிள்ளைகளுக்கு நல்லது.

மே 15

மதுரை. இன்று நிறைய எழுதவேண்டும்.

விடியற்காலைப் பஸ் பிடித்து ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டோம். பெரிய வேப்ப மரங்கள், பழைய கல் கட்டடம், கூட்டிப் பெருக்கிய மண் தரை. எண்பது பிள்ளைகள் அப்பா அம்மாவோடு வந்திருந்தும் சத்தமே இல்லை.

இந்தக் கல்லூரியில் வேதியியலுக்கு இடம் கொடுக்க ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். மார்க் மட்டும் போதாது. பிள்ளைகளை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய் ஆளுக்கு ஒரு உப்பைக் கொடுத்து ஒரே ஒரு சோதனை செய்யச் சொல்வார்கள். விடை கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கண்ணால் பார்த்ததை எழுதவேண்டும். அவ்வளவுதான். இப்படி ஒரு பரீட்சையை நான் கேள்விப்பட்டதே இல்லை.

பெற்றோர் வராந்தாவில் இருக்கவேண்டும். நான் இருப்பேனா? சுற்றிக்கொண்டு பின்பக்கக் கதவுக்குப் போனேன். அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் பர்னர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோட்டுப் பையின் மேல் சிவப்பு நூலில் 'சகாயராணி' என்று பெயர் பின்னியிருந்தது. பேராசிரியை என்று நினைத்து வணக்கம் சொன்னேன். அந்த அம்மாள் என் விரல்களைப் பார்த்தாள். சில்வர் நைட்ரேட் பட்டுப் பட்டு என் விரல் நுனிகள் கறுத்திருக்கும், எந்தச் சோப்புக்கும் போகாது.

"அண்ணனும் நம்ம ஆளா?" என்று கேட்டுவிட்டுத் தன் விரல்களை நீட்டிக் காட்டினாள். அதே கறுப்பு!

உதவியாளருக்குக் கோட்டு, அதில் பெயர். "எல்லாருக்கும் பேரு பின்னிக் குடுப்பாங்கண்ணே. சிஸ்டரும் என்னைய சகாயராணி அக்கான்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள். நான் சிங்க்கைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். அந்தக் காலத்துக் கல் தொட்டி. ஊதாக் கறை, மஞ்சள் கறை, பச்சைக் கறை எல்லாம் இருக்கிறது. முப்பது நாற்பது வருடமாகப் பிள்ளைகள் உண்மையாக வேலை செய்த தொட்டி. ஆனால் வடிகாலில் ஒரு தூசு அடைப்பு இல்லை. பக்கத்தில் தனி கேன் வைத்து 'ஈயம், தொட்டியில் ஊற்றாதே' என்று எழுதி ஒட்டியிருந்தது. எங்கள் ஊரில் ஈயத்துக்குத் தனி வாளி வைத்து, ஆற்றுக்குப் போகக் கூடாது என்று வருடக்கணக்காகக் கத்துகிறவன் நான் ஒருவன்தான். என்னைப் போல் இன்னொரு பைத்தியம் மதுரையில் இருந்திருக்கிறது.

பிறகு அங்கிருந்தே ஹெப்சியைப் பார்த்தேன். அவளுக்கு ஈய உப்பு வந்திருந்தது. கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டாள். கெட்டி மஞ்சளாகத் திரண்டது. தண்ணீர் சேர்த்துச் சூடாக்கினாள். டியூபின் வாயை யார் பக்கமும் காட்டாமல் சுவர் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தாள். நான் பிடிக்கிற மாதிரியே. மஞ்சள் எல்லாம் கரைந்து தெளிந்த நீரானது. மற்ற பிள்ளைகள் உடனே எழுத ஓடினார்கள். இவள் ஓடவில்லை. ஆறவிட்டாள். டியூபை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

முதலில் ஒன்று தெரிந்தது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. தங்கத் துகள்கள் மினுங்கி மினுங்கிச் சுழன்றுகொண்டே இறங்கின. என் மகள் முகத்தில் அந்த வெளிச்சம். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். சகாயராணி என்னவோ கேட்டாள், காதில் விழவில்லை. பதினேழு வருடமாக நான் வளர்த்த பிள்ளையை அந்த ஜன்னல் ஓரத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தேன் என்று தோன்றியது.

பிறகு பேட்டி. துறைத் தலைவி சிஸ்டர் பிலோமின். வயது அறுபது இருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர்.

"அப்பா என்ன பண்றீங்க?"

"காலேஜ்ல இருக்கேன் சிஸ்டர்."

"எந்த டிபார்ட்மென்ட்?"

"கெமிஸ்ட்ரி."

"ஓ, புரொபசரா! அதான் பொண்ணு டியூபை அவ்வளவு அழகா பிடிக்கிறா."

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தேன். கைகள் மேசைக்கு அடியில் இருந்தன. ஹெப்சி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குத் திரும்ப நாலு மணி நேரம். ஹெப்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். பயணக் களைப்பு.

மே 16

கோட்டில் பெயர் பின்னிய விஷயத்தை ரூபாவிடம் சொன்னேன். அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். "உங்களுக்கு ஒண்ணு தச்சுத் தரட்டா?" என்றாள். நமக்கெதுக்கு என்றேன். அளவு மட்டும் எடுத்துக்கொண்டாள்.

மே 20

பட்டியல் வந்தது. முதல் பெயர் ஹெப்சிபா! எண்பது பேரில் முதல் பெயர்!

கீழே குறிப்பு: முழுக் கட்டணமும் இருபத்துநாலாம் தேதி மாலைக்குள் செலுத்தப்பட வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.

மே 21

அந்தக் கல்லூரியில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் தள்ளுபடி உண்டாம். எதிர்வீட்டு அக்காள் ரூபாவிடம் சொல்லியிருக்கிறாள்.

"அத ஏன் நீங்க கேக்கல? நம்மள விட வருமானம் குறஞ்சவங்க யாரு இருக்கா?"

"எல்லாருக்கும் கொடுக்க மாட்டாங்க."

"நீங்க கேட்டியளா, கேக்கலியா?"

தண்ணீர் எடுத்துக் குடித்தேன். ரூபா தன் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இத வச்சாலும் முதல் வருசத்துக்குத்தான் காணும். அடுத்த ரெண்டு வருசம் என்னத்த வைப்பிய?"

அப்போது ஹெப்சி அறையிலிருந்து வந்தாள். என்னைக் கேளாமல், ரூபாவைப் பார்த்தே சொன்னாள். "நான் மதுரைக்குப் போகலம்மா. அப்பா காலேஜுலயே சேந்துக்கிடுதேன். சும்மாதான கிடைக்கி. எனக்கு விடுதிச் சாப்பாடும் ஒத்துக்கிடாது." சங்கிலியை எடுத்து அவளே ரூபாவின் கழுத்தில் போட்டுவிட்டாள்.

அந்தப் பேட்டியில் நடந்ததை அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிள்ளைக்கு ஊரைவிட்டுப் போக மனமில்லை போலும்.

மே 22

மேலே கடைசியாக எழுதிய வரி பொய்.

மே 23

தனியாக மதுரைக்குப் போனேன். ரூபாவிடம் கல்லூரி வேலையாகப் போவதாகச் சொன்னேன். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், என் அடையாள அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டேன். அடையாள அட்டையில் என் படத்துக்குக் கீழே தெளிவாகவே போட்டிருக்கிறது, ஆய்வக உதவியாளர் என்று. வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கோவில்பட்டி தாண்டுவதற்குள் ஐந்து விதமாகப் பேசிப் பார்த்துவிட்டேன்.

சிஸ்டர் பிலோமின் அறையில் இருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தேன், விரல் நுனி தெரியும்படி. மனப்பாடம் செய்த ஐந்தில் ஒன்றும் வரவில்லை.

"சிஸ்டர், நான் புரொபசர் இல்ல. லேப் அட்டெண்டர். டெஸ்ட் டியூப் கழுவுதவன். அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். எனக்கு வெக்கமா இருந்திச்சு. எம்மவ பக்கத்துல இருந்தா, அதனாலயும் வெக்கமா இருந்திச்சு. எம் பொய்யால அவ படிப்பு போயிரப்படாது."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நீங்க பொய் சொல்லலையே சார். புரொபசர்னு சொன்னது நான். நீங்க சிரிச்சீங்க, அவ்வளவுதான். உட்காருங்க."

உட்கார்ந்தேன். இந்தத் தடவை கைகளை மேசைமேலேயே வைத்திருந்தேன்.

அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு விடைத்தாளை எடுத்தார். ஹெப்சியின் கையெழுத்து. "பேட்டி முடிஞ்சு அன்னைக்குச் சாயங்காலம்தான் பேப்பரெல்லாம் படிச்சேன். கடைசிக் கேள்விக்கு உங்க பொண்ணு எழுதினதைப் பாருங்க."

கேள்வி: இந்தச் சோதனையில் உன்னை வியக்க வைத்தது எது?

அவள் எழுதியிருந்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன். பஸ்ஸில் மறக்காமலிருக்க டிக்கெட்டின் பின்னால் குறித்து வந்தேன். இடம் போதாமல் உள்ளங்கையிலும் எழுதினேன்.

'தங்கத் துகள் இறங்குவது எனக்குப் புதிதல்ல. எங்கள் அப்பா ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். ஈய உப்பு வரும் நாளில் எல்லோரும் போன பிறகு, மாணவர்கள் வைத்துவிட்டுப் போன டியூபுகளை ஒவ்வொன்றாகச் சூடாக்கி ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசித் துகள் அடியில் இறங்கும்வரை கழுவ மாட்டார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். சாப்பாட்டுத் தூக்கு வாங்க வரும் நான் கதவுக்கு வெளியே நின்று இடுக்கு வழியாகப் பார்ப்பேன். இருபத்திரண்டு வருடமாக ஒன்றையே பார்க்கிறவருக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. என்னை வியக்க வைத்தது அதுதான். நான் வேதியியல் படிக்க விரும்புவதும் அதனால்தான்.'

தாளை இரண்டாம் தடவையும் படித்தேன். நான் மேசைக்கு அடியில் கையை ஒளித்தபோது, என் மகள் என்னைப் பற்றி எழுதிய தாள் பக்கத்து அறையில் இருந்திருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து, நான் சிரித்ததைப் பார்த்திருக்கிறாள். அப்போதும் ஒரு வார்த்தை பேசாமல் செருப்பைப் பார்த்திருக்கிறாள்.

"தெரிஞ்சும் நீங்க ஏன் சிஸ்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"தள்ளுபடி படிவத்தை நானே உங்களுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பினா பொண்ணு அப்பாவைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுமேன்னு யோசிச்சேன். நாளைக்குக் காலைல வரைக்கும் பாத்துட்டு, வேற வழியில்லேன்னா அனுப்பலாம்னு இருந்தேன். நல்லவேளை, வந்துட்டீங்க."

படிவத்தை நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். படிப்புக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. விடுதிக்கு மட்டும் மாதாமாதம் கட்டினால் போதும். அதை நாங்கள் சமாளித்துவிடுவோம்.

கிளம்பும்போது சிஸ்டர் ஒன்று கேட்டார். "அந்தத் துகளை நீங்களும் இன்னும் நின்னு பாக்குறீங்களா சார்? எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது. நானும் நின்னுடறேன்."

வீட்டுக்கு வந்து ரூபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினாள். பிறகு சுவர் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே தோசை வார்த்தாள்.

ஹெப்சியிடம் மதுரைக்குத் துணி எடுத்து வை என்று மட்டும் சொன்னேன். "தள்ளுபடி கிடைச்சிட்டாப்பா? எப்படி?" என்றாள். போய்க் கேட்டேன், கொடுத்தார்கள் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "விடுதிச் சாப்பாடு ஒத்துக்கிடாதுன்னியே?" என்றேன். "ஒத்துக்கிடும்" என்றாள்.

அவள் எழுதியதை நான் படித்தேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 17

ஹெப்சியை விடுதியில் விட்டு வந்தோம். ரூபா விடுதிப் பக்கத்து மாதா கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம வசனந்தான் இங்கயும் எழுதியிருக்கு" என்று சமாதானமாகிவிட்டாள். சகாயராணி எங்களைப் பார்த்துவிட்டு ஓடிவந்து ஹெப்சியின் பையை வாங்கிக்கொண்டாள்.

வீடு பெரியதாகத் தெரிகிறது.

ஜூலை 9

இரண்டாமாண்டுக்கு ஈய உப்பு. நாற்பத்திரண்டு டியூப்.

எல்லோரும் போய்விட்டார்கள். முதல் டியூபைச் சூடாக்கி ஜன்னல் ஓரம் பிடித்தேன். கதவு திறந்தே இருந்தது. வழக்கமாக முதலில் போய்ச் சாத்திவிட்டு வருவேன். இன்று சாத்தவில்லை. ரூபா தைத்த வெள்ளைக் கோட்டு, கழுத்துப் பக்கம் கொஞ்சம் இறுக்கம்.

புதிய சார் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"என்ன துரை, இன்னும் கழுவலையா?"

"இல்ல சார். பாத்துக்கிட்டு இருக்கேன். நீங்களும் ஒரு நிமிசம் வந்து பாருங்க."

இருபத்திரண்டு வருடத்தில் யாரையும் நான் இப்படிக் கூப்பிட்டதில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே வந்தார். முதல் துகள் தெரிந்தது. பிறகு எல்லாம் வந்தன. சாயங்கால வெயிலில் அந்தச் சின்ன டியூபுக்குள் தங்கம் கொட்டியது. கடைசித் துகள் இறங்கும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. பாடத்தில் எத்தனை தடவை இதை எழுதிப்போட்டிருப்பார்! நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது.

பையைக் கழற்றி ஸ்டூல்மேல் வைத்தார்.

"இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு சார்" என்றேன்.